வெள்ளை அட்டையைத் தொட்டவள்

பல்லை எடுத்துவிட்டாரே. எதை எடுக்கக்கூடாதோ அதைப் பார்த்து எடுத்திருக்கிறாரே இந்த மனுஷன்.

அவள் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் கண்ணாடி அலமாரி இருக்க வேண்டும். இல்லை. பன்னிரண்டிலும் இல்லை. ஏதாவது தாள் விடுபட்டுவிட்டதோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தாள். எண்கள் வரிசையாகத்தான் இருந்தன. அலமாரியைத்தான் காணவில்லை.

மதிய இடைவேளை. பல் செட் செய்யும் அந்தச் சின்ன லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மேசையில் ஆறு பேருடைய தாடைகள் பிளாஸ்டர் அச்சுகளாகக் காத்திருந்தன. ஆறாவது தாடைக்கு மேல்வரிசை பாதி பதித்தாயிற்று, மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவை அவள் இன்னும் திறக்கவில்லை.

தாள்களோடு ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. சாவிக்கடை ரசீதின் பின்பக்கம். சின்னச் சின்னதாக, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்து. ‘உங்க தொழிலைக் கேலி பண்ணின மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அப்போ தோணலை. மன்னிக்கணும். எடுத்துட்டேன்.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சீட்டை இன்னொரு தரம் படித்தாள்.

‘அரைக்கதவு’ வருடத்துக்கு நான்கு முறை வரும் இதழ். அறுபத்து நான்கு பக்கம், நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம். திகில் ஆட்டக்காரர்களுக்கானது. இந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு நடத்துநர் என்று பெயர். டிக்கெட் எடுத்தாச்சா என்ற ஜோக்கைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துச் சொல்வார்கள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கு ஒரு மனிதராக இருந்து, என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்று சொல்ல வேண்டும். சந்தேகமான இடங்களில் பத்து முகப் பகடை முடிவு செய்யும். ஒவ்வொருவர் தாளிலும் ‘நிதானம்’ என்று ஓர் எண் இருக்கும். பார்க்கக்கூடாததைப் பார்க்கும்போதெல்லாம் அது குறையும். சுழியத்துக்கு வந்துவிட்டால் அந்த மனிதர் அதற்குப் பிறகு நம்முடையவர் இல்லை, நடத்துநர் எடுத்துக்கொள்வார்.

இப்படி நடத்துவதற்கான ஆட்டக்கதைகள்தான் இதழ் முழுக்க. மிச்சமிருக்கும் பக்கங்களில் வாசகர் கடிதங்கள். அவள் முதலில் வாசிப்பது கடிதங்களைத்தான். பழைய வீட்டுக் கதவு கிறீச்சிட்டுத் திறக்க வேண்டுமா, சத்தமே இல்லாமல் திறக்க வேண்டுமா என்று ஒருமுறை நான்கு இதழ்களுக்குச் சண்டை நடந்தது. மின்வாரியப் பொறியாளர் ஒருவரும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவரும் நேரில் பார்த்தால் அடித்துக்கொள்வார்கள்போல எழுதினார்கள். கடைசியில் யாரோ ஒருவர் மூன்றே வரியில் எழுதியிருந்தார்: ‘சத்தமில்லாமல் திறக்கும் கதவுதான் பயம். ஆளில்லாத வீடு என்கிறீர்கள். அப்படியென்றால் கீலுக்கு எண்ணெய் போட்டது யார்?’ சண்டை அன்றோடு ஓய்ந்தது. கடிதத்தின் அடியில் ‘பூட்டுக்காரன்’ என்று கையெழுத்து. இதழின் ஆசிரியை அந்த வாரமே அவருடைய கடையைத் தேடிப் போய், எங்களுக்குக் கதை எழுதுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஆசிரியை அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். பில் புத்தகம், பாடப் புத்தகம் என்று எதையாவது அச்சடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அச்சகம் வைத்திருக்கிறாள். அதன் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு மேசை. இதழில் வரும் எந்தக் கதையும் அந்த மேசையில் ஆடிப் பார்க்காமல் அச்சேறாது. பதினொரு வருடமாக அவள் அங்கே சோதனை ஆட்டக்காரி. எந்த இடத்தில் ஆட்டம் தொய்கிறது, எங்கே பயம் வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வருகிறது என்று குறிப்பு எழுதுவாள். அந்தக் குறிப்புகளுக்கு அடியில் இருக்கும் பெயர் ‘கல்லு’. ஆசிரியை வைத்த பெயர். காரணம் அந்த வெள்ளை அட்டை.

மேசையின் நடுவில் எப்போதும் ஒரு வெற்று வெள்ளை அட்டை இருக்கும். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது தாங்கவில்லையென்றால் அதைத் தொடலாம். தொட்டதும் நடத்துநர் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று அப்போதும் கேட்கக்கூடாது, பிறகும் கேட்கக்கூடாது. பதினொரு வருடத்தில் எல்லோரும் ஏதோ ஒரு நாள் தொட்டிருக்கிறார்கள். ஆட வரும் கணக்கு வாத்தியார் கதையில் எலி வந்தால் தொடுவார். ஆசிரியை ஒருமுறை, ஒரு குழந்தையின் செருப்பு கிணற்றோரம் கிடக்கிறது என்றதும் தொட்டாள். அவள் மட்டும் தொட்டதில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறுவரை.

அந்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடத்துநராகப் பூட்டுக்காரர். ஆடுகிறவர்கள் அவள், ஆசிரியை, கணக்கு வாத்தியார், அப்புறம் அவளுடைய அக்கா மகள். அக்கா இறந்ததிலிருந்து எட்டு வருடமாக அவளோடுதான் இருக்கிறாள். கட்டடக் கலை படிக்கிறாள். இதழின் வரைபடங்களெல்லாம் இப்போது அவள் கை வேலை.

அவரே எழுதிய கதை, பெயர் ‘ஓய்வு நேரம்’. இப்போது அவள் புரட்டிக்கொண்டிருப்பது அதன் திருத்திய படி. மலைமேல் முப்பது வருடமாக மூடிக்கிடக்கும் ஒரு சிகிச்சை இல்லம். அங்கே இருக்கும் சாமான்களைப் பட்டியல் எடுக்க நான்கு பேர் போகிறார்கள். பூட்டுக்காரர் எப்போதும்போலக் குரலை மாற்றாமல், கையை ஆட்டாமல், நாலு மணிக்குச் சாவி ரெடியாயிடும் என்று சொல்கிற அதே தொனியில் நடத்திக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் வியப்பது அதைத்தான். வேறு நடத்துநர்கள் பயமுறுத்த முயற்சி செய்வார்கள். இவர் ஒரு பூட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். எங்கே இளகுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஏழாம் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. அதற்குள் டம்ளர்கள். ஒவ்வொரு டம்ளரிலும் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பல் செட், வெளியே பெயர் எழுதி ஒட்டிய காகிதம்.

“தண்ணி எப்படி இருக்கு?” என்றாள் அவள். தொழில் புத்தி.

“சுத்தமா இருக்கு. இன்னைக்கு மாத்தின மாதிரி.”

அவளுக்கு முதுகு சில்லிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏதோ பேச்சில் அவள் அவரிடம் சொல்லியிருந்தாள், பல் செட்டைத் தண்ணீரில் போட்டு வைக்காவிட்டால் காய்ந்து கோணிக்கொள்ளும் என்று. ஓஹோ என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஓஹோ மூன்று வருடம் அவருக்குள் கிடந்து இப்படி வந்திருக்கிறது.

“எத்தனை டம்ளர்?” என்றார் வாத்தியார்.

“எண்ணிப் பாருங்க.”

“எண்ணுறேன்.”

“பதினேழு.”

“நோயாளி பட்டியல்ல பதினாறு பேருதானே?”

பூட்டுக்காரர் தாளைத் திருப்பினார். “பதினேழாவதுல பல்லு இல்லை. வெறும் தண்ணி. வெளியில பேரு ஒட்டியிருக்கு.”

“யாரு பேரு?”

“அதை நீங்கதான் படிக்கணும்.”

வாத்தியார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “நான் படிக்கலை. கண்ணாடி கொண்டு வரலைன்னு எழுதிக்குங்க.”

“சார், கண்ணாடி உங்களுக்குத்தான். உங்க ஆளோட தாள்ல பார்வை எண்பதுன்னு இருக்கு” என்றாள் அக்கா மகள்.

“அவனும் கொண்டு வரலைம்மா. ரெண்டு பேரும் ஒரே குடும்பம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது ஓய்வு மணி அடித்தது. அந்த இல்லத்தில் மணி அடித்தால் படுத்தாக வேண்டும். படுக்காதவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். நான்கு பேரும் ஏழாம் அறைக் கட்டில்களில் படுத்தார்கள். பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் காலியான அறை.

“தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல்,” என்றார் பூட்டுக்காரர். “மெதுவா கேக்குது. முழிச்சிருக்கியா?”

அக்கா மகள் கையில் பாதி பிஸ்கட் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டே, “ஆமா, முழிச்சுத்தான் இருக்கேன். சொல்லுங்க” என்றாள்.

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

அட்டையின் மேல் ஒரு கை இருந்தது. மோதிர விரலில் மெழுகுச் சூடு பட்ட பழைய தழும்பு. தன் கைதான் என்று அவளுக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பூட்டுக்காரர் வாயை மூடினார். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. “மணி அடிச்சு ஓய்வு முடிஞ்சிருச்சு. நாலு பேரும் தோட்டத்துல நிக்கிறீங்க. வெயில் நல்லா இருக்கு.”

“தோட்டத்துல எலி இருக்கா?” என்றார் வாத்தியார் உடனே.

“இருக்காது சார், உங்களுக்காக.”

ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகப் பார்வையைத் திருப்பவும் இல்லை. அதுதான் பெரிய விஷயம். ஆசிரியை தண்ணீர் பாட்டிலை மேசையின் அடியில் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். பதினொரு வருடமாக இந்த அட்டை மற்றவர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அக்காவின் வீட்டிலும் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது.

அக்கா படுக்கையில் கிடந்த கடைசி நான்கு மாதம் அவள் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். மாத்திரை, துணி, படுக்கையில் திருப்பிவிடுவது, மாமாவுக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு ஜடை. மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் ஓயும். தடுப்புக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் அந்த நேரத்தில் அக்கா கேட்டாள். “முழிச்சிருக்கியா?”

முழித்துத்தான் இருந்தாள். கோபமில்லை, வெறுப்பில்லை. பத்து நிமிடம் யாருக்கும் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா இன்னொரு தரம் கேட்டாள், முன்னைவிட மெதுவாக. தூங்குகிறவர்கள் எப்படி மூச்சு விடுவார்களோ அப்படி அவள் மூச்சு விட்டாள். நீளமாக. நன்றாகவே நடித்தாள்.

நாலு மணிக்கு எழுந்து போய், “கூப்பிட்டியாக்கா?” என்று கேட்டாள்.

“இல்லையே” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அக்கா ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள். ஒன்பது நாளும் பேசினார்கள். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது, எந்தப் புடவையை யாருக்குக் கொடுப்பது, எதிர்வீட்டுக்காரியின் வாய் எவ்வளவு நீளம். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. தண்ணீர் கேட்கக் கூப்பிட்டிருக்கலாம். தலையணை நழுவியிருக்கலாம். இல்லை வேறு எதுவோ, முழித்திருக்கும் ஒருத்தியிடம் மட்டுமே சொல்லக்கூடிய எதுவோ இருந்திருக்கலாம். ‘இல்லையே’ என்று அக்கா சொன்னது அவளை மன்னித்தா, தண்டித்தா, அல்லது உண்மையிலேயே அது பெரிய விஷயமில்லை என்பதாலா என்பதை எட்டு வருடமாக அவள் தினமும் ஒரு விதமாக முடிவு செய்துகொள்கிறாள்.

அந்தக் கேள்விக்கு அக்காவின் மகளே, பிஸ்கட் கடித்துக்கொண்டே, இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிவிட்டாள். பதில் சொன்னால் அடுத்தது குரல் பேச வேண்டும். பூட்டுக்காரர் வாயிலிருந்து, சாவி ரெடியாயிடும் என்கிற தொனியில், அக்கா பேசியிருப்பாள்.

அக்கா மகள் எதையும் கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை. “சித்தி, ஏன் இந்தச் சோப்பு வாங்கினீங்க?” “சித்தி, ஃபோன்ல யாரு?” “சித்தி, உங்களை யாராவது லவ் பண்ணியிருக்காங்களா, உண்மையைச் சொல்லணும்.” ஆனால் அட்டையைப் பற்றி மூன்று வாரமாக ஒரு வார்த்தை இல்லை. மனதில் இல்லாமல் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தியின் முகத்தையே பார்த்தாள். என்னவோ நாக்கு நுனிவரை வந்தது தெரிந்தது.

“என்னடி?”

“ஒண்ணுமில்லை சித்தி. பகடை ஒண்ணு விளிம்பு தேஞ்சிருச்சு, மாத்தணும்னு நினைச்சேன்.”

இருபத்திரண்டு வயதுப் பெண், ஒரு விளையாட்டுச் சட்டத்தை இவ்வளவு பெரிதாக மதிக்கிறாளே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு ஒரு முள்ளும் இருந்தது. இவளுக்கு என்றைக்காவது ஒரு நாள் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் அம்மா கூப்பிட்டாள், நான் போகவில்லை என்று. அதை வீட்டில், இவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு எந்த வழியாகவும் இவளுக்கு அது வந்து சேரக்கூடாது.

இதெல்லாம் பூட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? கேட்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை. கேட்காததால் தானாக யோசித்திருக்கிறார். அந்தக் கதையில் அவளுக்குச் சம்பந்தம் உள்ளது என்று அவர் கண்ணுக்குப் பட்டது பல் ஒன்றுதான். ஒரு கல்லைத் தொட வைத்தது அந்தப் பல்லாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, இத்தனை வருடத்தில் தான் எழுதியதிலேயே சிறந்த இரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அவளுக்காக. இன்னொரு வேலையும் செய்திருந்தார். இரண்டு பக்கம் இடம் காலியாகிவிட்டதல்லவா, தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குரலை வளர்த்துவிட்டார். இப்போது அது மூன்று முறை கூப்பிடுகிறது. ஒவ்வொரு முறையும் மெதுவாக. அதற்குக் கீழே நடத்துநருக்கான கட்டம்: ‘யாராவது பதில் சொன்னால், குரல் சொல்வது:’ அதன் பிறகு வெள்ளை. ஓரத்தில் பென்சிலில், ‘இன்னும் எழுதவில்லை.’

ஃபோன் அடித்தது. ஆசிரியை.

“ஏய் கல்லு, படிச்சியா?”

“படிச்சேன். பல்லு எங்கடி?”

“என்கிட்ட கேக்காத. ரெண்டு நாள் கெஞ்சிப் பாத்துட்டேன். அவங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒரே பிடி. நான் என்னத்தைச் சொல்ல? காரணம் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான்.”

“பல்லு இல்லடி அது.”

“நான் எதுவும் கேக்கலை.”

“தெரியும்.”

“நீயே போய் அவர்கிட்ட பேசு. வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். முகப்புல ‘கல்லும் அசைந்த கதை’ன்னு போடணும்னு எனக்குக் கை அரிக்குது. போட மாட்டேன், பயப்படாத. அரிக்குதுன்னு மட்டும் சொன்னேன்.”

புதன்கிழமை மாலை லேப் முடிந்ததும் கடைக்குப் போனாள். இரண்டு கடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதுபோல ஓர் ஒடுங்கிய கடை. மூன்று சுவரிலும் வெட்டாத சாவிகள் கொக்கிகளில் தொங்கின. மேசையில் சாவி வெட்டும் இயந்திரம், பக்கத்தில் பித்தளைத் தூள் படிந்த கோடு போட்ட நோட்டு. ஒரு வாடிக்கையாளர் போவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் இடையில்தான் அவர் எழுதுவார். மூன்று வரி எழுதுவார், ஒரு சாவி வெட்டுவார். அவருடைய வாக்கியங்கள் ஏன் எப்போதும் குட்டையாக இருக்கின்றன என்று வாசகர் கடிதத்தில் ஒருவர் ஆராய்ந்து ஒரு பக்கம் எழுதியிருந்தார். வாடிக்கையாளர்கள் வந்துவிடுகிறார்கள் என்று இவர் ஒரு வரியில் பதில் போட்டார்.

“வாங்க, வாங்க.” எழுந்து ஸ்டூலைத் துடைத்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி. “சீட்டு பாத்தீங்களா?”

“பாத்தேன். அண்ணே, பல்லைத் திருப்பி வைங்க.”

“எனக்காகச் சொல்லாதீங்க.”

“கதைக்காகச் சொல்றேன். பதினொரு வருஷத்துல எனக்கு அந்த மாதிரி முதுகு சில்லிட்டதில்லை. தண்ணியை யாரு மாத்துறாங்கன்னு ஒரு வாரம் லேப்ல ஒவ்வொரு டம்ளரையும் பாத்துப் பாத்துப் பயந்தேன். கேலியா அது? என் வேலையை யாரும் அவ்வளவு உத்துப் பாத்ததில்லை.”

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே நின்றது. கண்கள் எங்கோ போயின. அந்த ஞாயிறை அவர் மறுபடி நடத்திப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அலமாரி, சிரிப்பு, மணி, கட்டில், குரல்.

“அப்போ…” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நோட்டில் இருந்த பித்தளைத் தூளை விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். “இல்லை, நான் கேக்கலை.”

“தெரியும்ணே.”

“அந்தக் குரலை நான் இன்னும் பெரிசு பண்ணி வெச்சுட்டேனே. எடுத்துடவா?”

அவள் யோசித்தாள். எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எடுத்துவிடுவார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். ஆனால் அந்த இடம் நன்றாக இருந்தது. மூன்றாவது முறை கூப்பிடும்போது குரல் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது என்று எழுதியிருந்தார். அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். உண்மையாக எழுதியிருக்கிற ஒன்றைத் தன் வலிக்காக அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

“இருக்கட்டும். பழைய மாதிரி ஒரு தரம் கூப்பிட்டாலும் சரி, மூணு தரம் கூப்பிட்டாலும் சரி.”

அவர் தலையாட்டினார். சாவி ஒன்றை எடுத்தார், வைத்தார். பிறகு நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அந்தக் கட்டம். அதற்குக் கீழே அடித்து அடித்து எழுதிய வரிகள், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

“காரணம் எனக்கு வேண்டாம். வேற ஒண்ணு கேக்கலாமா? இந்த இடம் எனக்கு வரமாட்டேங்குது. பதினாலு விதமா எழுதிப் பாத்துட்டேன். பயமுறுத்துற மாதிரி எழுதினா பொய்யா இருக்கு. அன்பா எழுதினா அதைவிடப் பொய்யா இருக்கு. அந்தப் பொம்பளை என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்குத் தெரியலை.” பென்சிலை நோட்டின் மேல் வைத்தார். “என்னைவிட உங்களுக்குச் சரியா வரும்னு தோணுது. நீங்க எழுதிக் குடுங்களேன். ஒரு வரி.”

அவர் தந்திரம் செய்யவில்லை. முகத்தில் அப்பட்டமான மரியாதை இருந்தது. ஒரு கைவேலைக்காரர் இன்னொரு கைவேலைக்காரியிடம் உளியை நீட்டுவதுபோல நீட்டினார். பதினொரு வருடமாக மற்றவர்களின் கதைகளில் தொய்ந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தவளிடம் ஒருவர் எழுதச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவள் கை பென்சிலை எடுத்தது.

வரி வந்தது. அதுதான் ஆச்சரியம். தண்ணி வேணும். வந்தது. பாப்பாவைப் பாத்துக்கோ. அதுவும் வந்தது. பயமா இருக்குடி, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காரு. இது வந்தபோது கழுத்துக்குக் கீழே சூடாக இருந்தது. மூன்றுமே பொருந்தின. எதை எழுதினாலும் அந்தப் பக்கத்தில் அழகாக உட்காரும். எங்கெங்கோ இருக்கும் மேசைகளில், திரை இழுத்துவிட்ட அறைகளில், முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் மூச்சை அடக்கிக் கேட்பார்கள். மின்வாரியப் பொறியாளரும் டாக்டரும்கூட அதைப் பற்றி ஒற்றுமையாக எழுதுவார்கள்.

அக்கா மகளும் வாசிப்பாள். தன் வரைபடம் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து எழுத்து விடாமல் வாசிப்பாள். சித்தி எழுதியது என்று தெரியாமலே அந்த வரியில் நின்று, நல்லா இருக்கு இல்ல என்பாள். பிறகு ஒரு நாள் உண்மையைச் சொல்ல உட்காரும்போது இந்த வரி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாள் போனால் தான் எழுதியதுதான் என்பது எழுதியவளுக்கே மறந்துவிடும். அக்கா அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவாள். எவ்வளவு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியைத்தான், வேறு எதையுமில்லை, இந்த நல்ல மனிதர் தெரியாமல் அவள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் பென்சிலை நோட்டின் மடிப்பில் வைத்து, நோட்டை அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

“இல்லைண்ணே. நான் எழுதலை.”

“உங்க பேரு வராது. சத்தியமா.”

“பேருக்காக இல்லை.”

“ஒரே ஒரு வரிதானே?”

வாசலில் யாரோ சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அங்கே எதுவும் இல்லைன்னா நடத்துறவங்க எனக்குக் கடிதம் போட்டுக் கேப்பாங்களே,” என்றார், கெஞ்சலும் சிரிப்புமாக. “அந்தக் குரல் என்ன சொல்ல வந்துச்சுன்னு.”

“கேக்கட்டும்ணே,” என்றாள். “எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்.”